மெஸ்கால் பாட்டில் லேபிளில் இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, இதெல்லாம் என்ன?

தாலஸ்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாப்பிள்ளை (தங்கை கணவர்) மெக்சிகோ போய்விட்டு வரும்போது ஒரு மெஸ்கால் பாட்டில் (டெக்கீலா மாதிரி ஒரு மெக்சிகோ சாராயம்) கொண்டுவந்தார். எனக்கு டெக்கீலா வரைக்கும்தான் பழக்கம். மூடியைத் திறந்ததுமே கூடம் முழுக்கப் புகை வாசம். மனைவி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தாள்.

லேபிளில் நிறைய ஸ்பானிஷ். படித்த அளவுக்குத் தமிழில் அடித்திருக்கிறேன், உச்சரிப்புக்கு நான் பொறுப்பல்ல:

மெஸ்கால் அன்செஸ்ட்ரால். மகேய்: எஸ்பதீன் கபோன். ஓர்னோ: கோனிகோ. மொலியெந்தா: மாசோ. தினா தெ மதேரா. ஓய்யா தெ பார்ரோ. 48.6%. லோத்தே: 210 லிட்டர். சாந்தா கத்தரீனா மினாஸ், வஹாகா.

கடையில் இதற்குப் பக்கத்திலேயே 'ஆர்ட்டெசனால்' என்று போட்டது பாதி விலைக்கு இருந்ததாம். இந்த ஒரு சொல்லுக்காகவா இரண்டு மடங்கு? புகை வாசம் அதுவாக வருவதா, ஏதாவது கலக்கிறார்களா? குடிசையில் காய்ச்சினது, நம்பிக் குடிக்கலாமா?

கடலோரன்:

உள்ளே புழு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாப்பிள்ளையை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் 😀

மகேய்க்காடு:

புழு இல்லாதவரை நல்லது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், பாட்டில் போட்டு விற்றவர்கள் சரக்கு தனியாகத் தெரியட்டும் என்று ஆரம்பித்த விளம்பர வேலை அது. 2023இல் கடைப் பாட்டில்களில் இருந்த புழுக்களின் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தார்கள். அடையாளம் காண முடிந்த அத்தனையும் கொமாடியா ரெட்டன்பாகேரி என்கிற ஒரே அந்துப்பூச்சியின் புழுதான். அதை வறுத்து மிளகாய், உப்போடு அரைத்து ஆரஞ்சுச் சுளையில் தொட்டுத் தின்பது வேறு விஷயம். அது அருமையாக இருக்கும். பாட்டிலுக்குள் அதற்கு வேலை இல்லை.

தாலஸ்வாசி, உங்கள் லேபிளுக்கு வருகிறேன். வேலை நிமித்தம் நான் மெக்சிகோவில், புவெப்லாவில் குடியிருக்கிறேன். கூட வேலை செய்கிற ஒருவரின் தாய்மாமா மினாஸ் ஊரில் காய்ச்சுகிறவர். அங்கே போய்ப் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். நீளமாகத்தான் போகும்.

முதலில் செடி. மகேய் என்பது அகாவே. நம் ஊரில் ரயில் பாதை ஓரம் முள் முனையோடு நிற்குமே ஆனைக்கற்றாழை, அந்தக் குடும்பம். முகத்தில் பூசுகிற சோற்றுக்கற்றாழை இல்லை. டெக்கீலாவுக்கு நீல அகாவே என்கிற ஒரே வகைதான் சட்டப்படி ஆகும். மெஸ்காலுக்கு எத்தனையோ வகை. உங்களுடையது எஸ்பதீன். வஹாகா மாநிலத்தில் பயிராகிறதில் பெரும்பங்கு அதுதான். நட்டு ஆறிலிருந்து எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். காட்டில் வளர்கிற தொபலாவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். பாறைச் சரிவில் தொங்கும் தெபெஸ்தாத்தே இருபதையும் தாண்டும்.

அடுத்து அந்த 'கபோன்'. இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் விஷயம் தெரிந்தவர் முதலில் தேடுவது இதைத்தான். அகாவே வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று மேலே ஏறும். அத்தனை வருடம் சேர்த்த சத்து மொத்தமும் அந்தத் தண்டுக்குப் போய்விடும். அதனால் தண்டு தலைகாட்டியதுமே வெட்டிவிட்டு, செடியை மாதக்கணக்கில் அப்படியே நிலத்தில் விடுவார்கள். சத்து முழுக்க நடுக்கிழங்கில் இறங்கும். அப்படி விட்ட செடிதான் கபோன். பணம் அவசரமாக வேண்டும் என்கிறவர் இத்தனை நாள் விட்டுவைக்க மாட்டார். உங்கள் ஆள் விட்டிருக்கிறார்.

அப்புறம் இலைகளைச் சீவித் தள்ளினால் மிஞ்சுவது பீன்யா. எஸ்பதீனில் ஒன்று சாதாரணமாக 40, 50 கிலோ இருக்கும். பச்சையாக இதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. உள்ளே இருப்பது சர்க்கரை இல்லை, ஃப்ரக்டான் என்கிற நீளச் சங்கிலி. ஈஸ்ட் அதை அவ்வளவாகத் தொடாது. சூட்டில் அந்தச் சங்கிலி அறுந்து ஃப்ரக்டோஸ் என்கிற சர்க்கரை ஆக வேண்டும். அதற்குத்தான் குழி. 'ஓர்னோ கோனிகோ' என்றால் புனல் மாதிரி கீழே குறுகிப்போகிற, கல் பாவிய குழி.

குழி ஏற்றுகிற நாள் ஒன்றில் நான் அங்கே இருந்தேன். விடியற்காலையில் ஓக் விறகுக்குத் தீ வைத்து, அதன்மேல் ஆற்றுக் கல்லைக் குவித்திருந்தார்கள். நான் போனபோது கல் எல்லாம் சிவந்து கிடந்தது. எல்லாரும் தயார், பீன்யாவும் பிளந்து வைத்தாயிற்று. காய்ச்சுகிற அந்த மாமா, பெரியவர், அவர் மட்டும் 'பொறு, பொறு' என்று கையைக் காட்டிக்கொண்டு குழியைச் சுற்றி நடக்கிறார். ஓரத்தில் ஒரு கட்டை இன்னும் கருகாமல் புகைந்துகொண்டிருந்தது. நீளக் கழியால் அதைக் கிளறி வெளியே இழுத்துப் போட்டபிறகுதான் ஏற்றச் சொன்னார். எரியாத விறகு உள்ளே மாட்டிக்கொண்டால் மூன்று நாளும் பீன்யா புகையிலேயே கிடக்கும், சரக்கு கெட்டது என்றார்.

தாலஸ்வாசி, உங்கள் புகைக் கேள்விக்கு இதுதான் பதில். யாரும் கலப்பதில்லை, குழியிலிருந்து வருவது. ஆனால் காய்ச்சுகிறவர் அதைத் தேடிப் போவதில்லை, கட்டுக்குள் வைக்கப் பார்க்கிறார். வெளிநாட்டு பார்களில்தான் 'மெஸ்கால் என்றால் புகை' என்று ஆகிவிட்டது. புகையைத் தவிர ஒன்றுமே தெரியாத மெஸ்கால் என் கணக்கில் சுமாரான மெஸ்கால். உங்கள் பாட்டிலைத் திறந்ததும் வந்தது முதல் மூச்சு. கொஞ்சம் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுவிட்டு முகர்ந்து பாருங்கள்.

சூட்டுக்கல் மேல் ஈரச் சக்கையைப் பரப்பி, பெரிய துண்டுகளை நடுவில் வைத்து, சின்னதைச் சுற்றி அடுக்கி, பாயும் சாக்கும் போட்டு மண்ணால் மூடுவார்கள். மூன்று முதல் ஐந்து நாள். வெந்து வெளியே வருவது கரும்பழுப்பில் பிசுபிசுவென்று இருக்கும். ஒரு துண்டு கொடுத்தார்கள். கரும்பு மாதிரி மென்று சக்கையைத் துப்ப வேண்டியதுதான். பிள்ளைகள் அதற்கென்றே பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வருகிறார்கள்.

'மாசோ' என்றால் மரச் சம்மட்டி. குடைந்த மரத்தொட்டியில் வெந்ததைப் போட்டு ஆள் நின்று இடிப்பது. பல ஊர்களில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கல் சக்கரத்தைக் குதிரை இழுக்கும், அதற்குத் தஹோனா என்று பெயர். சம்மட்டியில் இடிப்பது முதுகை ஒடிக்கிற வேலை. நானும் வாங்கி இடித்துப் பார்த்தேன். ஆளுக்கு ஆள் பார்த்துச் சிரித்தார்கள், அதோடு வைத்துவிட்டேன்.

இடித்ததைச் சாறும் சக்கையுமாக மரத்தொட்டியில் ('தினா தெ மதேரா') போட்டுத் தண்ணீர் விட்டு ஊறல் போடுவார்கள். ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. காற்றிலும் தொட்டி மரத்திலும் இருப்பது போதும். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர் வந்தால் இரண்டு வாரம்கூட இழுக்கும். மேலே எழும்பி நின்ற சக்கை அடங்க வேண்டும், தொட்டியில் காதை வைத்தால் சீறல் ஓய்ந்திருக்க வேண்டும், நாக்கில் வைத்தால் இனிப்பு போய்ப் புளிப்பும் கசப்பும் தெரிய வேண்டும். அதற்கப்புறம் காத்திருந்தால் காடிதான்.

இனி 'ஓய்யா தெ பார்ரோ', அதாவது மண்பானை. உங்கள் விலையில் பாதி இதில் இருக்கிறது. அடியில் ஒரு பானை அடுப்போடு பூசி வைத்திருக்கும். அதன் வாயில் அடியில்லாத இன்னொரு பானை. உச்சியில் ஓர் உலோகச் சட்டி, அதில் பச்சைத்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆவி மேலே போய் அந்தச் சட்டியின் அடியில் பட்டுச் சொட்டும். சொட்டுவதை உள்ளேயே ஒரு மரக்கரண்டி தாங்கி, நாணல் குழாய் வழியாக வெளியே விடும். இண்டு இடுக்கெல்லாம் மண்ணால் மெழுகியிருப்பார்கள். ஒரு பானையில் அறுபது எழுபது லிட்டர் ஊறல்தான் பிடிக்கும். தாமிர வாலையில் (வடிக்கிற கலம்) ஒரே ஈட்டில் ஏற்றுவதை இதில் நான்கைந்து ஈடாகப் பிரிக்க வேண்டும். பானை விரிசல் விட்டால் அந்த ஈடு போயிற்று. இதையெல்லாம் இரண்டு முறை வடிக்க வேண்டும்.

'லோத்தே' என்றால் ஒரு தடவை காய்ச்சியதில் கிடைத்த மொத்தம். உங்கள் 210 லிட்டருக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ பீன்யா. இரண்டு டன்னுக்கு மேல் கிழங்கை ஏழெட்டு வருடம் வளர்த்து, கையால் இடித்து, பானை பானையாக வடித்திருக்கிறார். அந்த மனிதருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கேள்வி.

அன்செஸ்ட்ரால், ஆர்ட்டெசனால், வெறும் மெஸ்கால் என்கிற மூன்று வகையும் சட்டம் வகுத்தது, NOM 070 என்கிற மெக்சிகோ தர விதியின் 2016 பதிப்பில் வருகிறது. அன்செஸ்ட்ரால் என்றால் நிலத்துக் குழி, கல்லோ சம்மட்டியோ, நேரடித் தீயில் மண்பானை. உலோக வாலை கூடாது. ஆர்ட்டெசனால் என்றால் தாமிர வாலை சரி, சக்கை பிய்க்கிற இயந்திரமும் சரி. வெறும் 'மெஸ்கால்' என்று மட்டும் போட்டிருந்தால் பிரஷர் குக்கர் பாணி ஆட்டோகிளேவ், தொழிற்சாலைத் தூண் வாலை எல்லாம் வரலாம்.

ஆனால் அந்தச் சொல்லை வைத்துத் தரம் முடிவு பண்ணாதீர்கள். தாமிரத்தில் வடித்த அற்புதமான மெஸ்கால் வஹாகாவிலேயே சந்தியாகோ மத்தத்லான் ஊரில் எத்தனையோ கிடைக்கும். மண்பானையில் சொதப்புகிறவர்களும் உண்டு. கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள்: என்ன செடி, எந்த ஊர், எதில் இடித்தது, எதில் வடித்தது, எத்தனை லிட்டர். இதையெல்லாம் சொல்லத் துணிகிறவர் மறைக்க ஒன்றும் இல்லாதவர். மெஸ்கால் என்று பெயர் போடச் சட்டம் அனுமதித்த பகுதிக்குள் வராத ஊர்க்காரரும், சான்றிதழுக்குச் செலவு பண்ண முடியாதவரும் 'தெஸ்திலாதோ தெ அகாவே' என்று போட்டு விற்பார்கள். அதைக் கீழாக நினைக்க வேண்டாம். நான் வீட்டில் வைத்திருப்பதில் நல்லது அந்த வகைதான்.

வேதியியல் வாத்தியார்:

விவரமான பதிவு. ஆனால் கேட்டவரின் கடைசிக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதைப் பார்த்த ஊர் நம்முடையது. 'பெரியவர் கையால் காய்ச்சினார்' என்றால் எனக்கு அழகாகத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது. அகாவேயில் பெக்டின் என்கிற பசைப்பொருள் உண்டு, அதிலிருந்து மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் வரும். முதல் வடியை ஊற்றிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்று சொல்லிவிடாதீர்கள், அது பாதிப் பொய். அப்புறம் 48.6 என்று தசமப் புள்ளியோடு எப்படி? பானைக்காரரிடம் வீரியம் அளக்கிற ஹைட்ரோமீட்டர் இருக்கிறதா?

மகேய்க்காடு:

வாத்தியாரே, கேட்டது நியாயம்.

கள்ளக்குறிச்சியில் நடந்தது ஊறலில் தானாக உண்டான மெத்தனாலால் இல்லை. தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலந்தார்கள். அந்த மாதிரி சாவுகள் பெரும்பாலும் கலப்படத்தால் வருபவை. நீங்கள் சொன்னபடி அகாவேயில் மெத்தனால் கொஞ்சம் உண்டாகத்தான் செய்யும், முதல் வடியிலும் கடைசி வடியிலும் பரவித்தான் இருக்கும். அதனால்தான் தர விதியிலேயே எல்லை வைத்திருக்கிறார்கள்: நூறு மில்லி தூய ஆல்கஹாலுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சான்று பெற்ற பாட்டில் என்றால் ஆய்வகம் பார்த்துத்தான் வரும். தாலஸ்வாசி வைத்திருப்பது அது. வழியோரம் பெயரில்லாத பிளாஸ்டிக் கேனில் வருவதை ஆள் தெரியாமல் நானும் தொட மாட்டேன்.

முதலில் வருகிற பூந்தாஸைப் பிரிப்பது மூக்கை எரிக்கிற அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் சமாசாரத்துக்காக. கடைசியில் வருகிற கோலாஸ் சப்பென்று புளிக்கும். இரண்டையும் ஊற்றிவிடுவதில்லை, எடுத்து வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் கலந்து டிகிரி இறக்குவது அந்த ஊரில் மரியாதைக்குறைவு. வீரியம் அதிகமானால் கொஞ்சம் கோலாஸ், குறைந்தால் கொஞ்சம் பூந்தாஸ்.

டிகிரி பார்க்கிற முறைதான் பார்க்க வேண்டிய காட்சி. கையளவு நாணல் குழாய், ஒரு பக்கம் சின்ன ஓட்டை. மெஸ்காலை வாயால் உறிஞ்சி ஏற்றி, விரலால் அடைத்து, திருவோட்டுக்காய் ஓட்டுக் கிண்ணத்தில் ஒரு முழ உயரத்திலிருந்து பீய்ச்சுவார். விழுந்த இடத்தில் முத்து முத்தாகக் குமிழி சுற்றி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன பருமன், எப்படி உடைகிறது என்று பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் கலப்பார். வீரியம் கூடினாலும் குறைந்தாலும் முத்து நிற்காது. 2020இல் ராபெர்த்தோ செனித் என்கிற இயற்பியலாளரின் குழு இதை வேகக் கேமராவில் அளந்து கட்டுரை போட்டது. குமிழியின் ஆயுள் 55 சதவீதத்துக்குப் பக்கத்தில் உச்சம் தொடுகிறதாம்.

ஹைட்ரோமீட்டரும் பெரியவரிடம் இருக்கிறது, அலமாரியில். நான் கேட்டபோது எடுத்துப் போட்டுக் காட்டினார். அது காட்டின எண்ணைவிட என் முகத்தைத்தான் பார்த்தார். லேபிளில் வருகிற தசமப் புள்ளி ஆய்வக எண்.

வல்வெட்டிக்காரன்:

நாணல் குழாய், உச்சியில் தண்ணிச் சட்டி எண்டு வாசிக்கேக்க எனக்கு வேற ஞாபகம் வந்திட்டுது. எங்கட பக்கத்துப் பனஞ்சாராயம், தெற்கில தென்னஞ்சாராயம் எல்லாம் கள்ளை வடிக்கிறதுதானே. மெக்சிகோக்காரர் இந்த வடிக்கிற வித்தையை ஆரிட்டப் படிச்சவை? ஸ்பானியரிட்டயோ?

மகேய்க்காடு:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் அண்ணே. தாமிர வாலை ஸ்பானியர் கொண்டுவந்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டியின் அடியில் குளிர்ந்து உள்ளேயே சொட்டுகிற அமைப்பு ஆசியப் பக்கத்துப் பாணி. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் இடையில் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அதில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பசிபிக் கரையில் கொலிமா பக்கம் குடியேறித் தென்னை வைத்தார்கள், கள் இறக்கினார்கள், அதை வடித்து 'வீனோ தெ கோகோஸ்' என்று விற்றார்கள். மரத்தண்டைக் குடைந்து செய்கிற அந்த வாலை இன்றும் மிச்சோவாகான், குவெர்ரெரோ, தெற்கு ஹலிஸ்கோ கிராமங்களில் அகாவேக்குப் பயன்படுகிறது. கள்ளில் பழகின கைதான் கற்றாழைக்கு மாறியது என்கிற கட்சியில் நான் இருக்கிறேன். ஸ்பானியர் வருமுன்பே இங்கே வடித்தார்கள் என்று பழைய மண்பாத்திரங்களைக் காட்டி வாதாடுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

தாலஸ்வாசி:

அடேயப்பா. லேபிளைக் கேட்டால் கப்பல் வரை போய்விட்டோம். எல்லாருக்கும் நன்றி. கால் மணி நேரம் விட்டு முகர்ந்து பார்த்தேன். புகை கொஞ்சம் பின்னால் போய், ஈர மண்ணும் ஏதோ பழ வாசமும் வந்தது. மனைவி 'இப்போது பரவாயில்லை' என்கிறாள். எலுமிச்சை, உப்பு வேண்டுமா? அடுத்து எதை வாங்கட்டும்? மாப்பிள்ளை தெபெஸ்தாத்தே ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம்.

மகேய்க்காடு:

எலுமிச்சை வேண்டாம், ஐஸ் வேண்டாம், ஒரே மடக்கில் விழுங்கவும் வேண்டாம். வாயகன்ற சின்னக் கிண்ணத்தில் ஒரு விரல் கட்டை அளவு, நாக்கு நனைகிற மாதிரி உறிஞ்சினால் போதும். 48 சதவீதம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தெபெஸ்தாத்தேயை இப்போதைக்கு விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் காட்டுச் செடி, இருபது வருடத்துக்கு மேல் வளர்ந்தது. அறுத்தால் விதை விழாது, இரவில் அந்தப் பூவைத் தேடி வருகிற வௌவாலுக்கும் ஒன்றும் மிஞ்சாது. 2011இல் சான்று பெற்ற மெஸ்கால் ஏறக்குறைய பத்து லட்சம் லிட்டர்தான். 2022இல் ஒரு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டியது. மலைச் சரிவு இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. எப்போதாவது வாங்கினால், நாற்று வைத்துத் திரும்ப நடுகிறவர் சரக்கா என்று கேட்டு வாங்கட்டும்.

அதே காசுக்கு, மத்தத்லான் பக்கத்திலிருந்து தாமிரத்தில் வடித்த எஸ்பதீன் ஒன்று வாங்குங்கள். செடி ஒன்றே. அதை ஒரு கிண்ணத்திலும் இதை ஒரு கிண்ணத்திலும் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். மண்பானை என்ன செய்கிறது என்பது அப்போது தெரியும். கடலோரனையும் கூப்பிடுங்கள், புழுவை அவரே கொண்டுவரட்டும்.

கடலோரன்:

வறுத்து உப்பு போட்டது என்றால் வருகிறேன்.